தம் பணியைத் தாமே அளந்தோர்: வன்னி வரலாற்றில் ஒரு நோக்கு

பிறர் செய்த வேலையை அளப்பது எவர்க்கும் எளிது. தான் செய்த வேலையைத் தானே அளந்து, அதற்கு இவ்வளவு பெறும் என்று எழுதிக் கையொப்பமிடுவது அரிது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள அரசாங்க அலுவலகங்களில் இன்று பணிபுரிவோர்க்கு இவ்வரிய வேலை பழகிய ஒன்றாகிவிட்டது. செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் வருகிறது. எடுத்துக்கொண்ட பணி யாது, முடித்த பணி யாது, முடியாதுபோன பணி யாது என்று அது வினவுகிறது. சம்பள ஏற்றமும் பதவி உயர்வும் அவ்விடையைத் தொட்டு நிற்கின்றன. உள்ளதை உள்ளவாறு எழுதினால் உயர்வு தடைப்படுமோ என்ற அச்சம் ஒருபுறம். உயர்த்தி எழுதினால் மனச்சான்று உறுத்துமே என்ற கூச்சம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் நடுவே பேனா தயங்குகிறது.

இத்தயக்கம் புதிதன்று. தமிழ் இலக்கண ஆசிரியர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், கற்றோன் எத்துணை அருஞ்செயல் முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலில் விதிக்கிறது. ஆயினும் உலகியலை நன்கு அறிந்த அந்நூல் அவ்விதிக்கு நான்கு விலக்குகளையும் தருகிறது. அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், எதிரி தன்னைப் பழித்தபோதும் தற்புகழ்ச்சி குற்றமாகாது என்பது அதன் துணிபு. திருக்குறளோ இவ்வினாவை மறுபக்கத்திலிருந்து நோக்குகிறது. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரங்களில் அளக்கும் பொறுப்பு வேலை செய்வோனிடம் விடப்படவில்லை. குணமும் குற்றமும் நாடி, வேலையாளை நாள்தோறும் கண்காணிப்பது அரசனின் கடன் என்று அங்கே உரைக்கப்படுகிறது.

வன்னி நிலத்தில் அதிகாரம் செலுத்தியோர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாகத் தம் மேலவர்க்கு விடுத்த ஓலைகளை வரிசையாக நோக்கின், நன்னூல் கூறிய முதலாவது விலக்கு எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்பதும், அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பதும் புலனாகும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் கணக்கில் மிகக் கண்டிப்பானவர்கள். ஒரு பதவியை விட்டு நீங்கும் அதிகாரி, தன் பின்னோர்க்கு வழிகாட்டியாக ஒரு நீண்ட குறிப்பேட்டை எழுதி வைத்துச் செல்ல வேண்டும் என்பது அவர்களது ஒழுங்கு. யாழ்ப்பாணப் பட்டினத்தில் கொமாந்தராக இருந்த ஹென்றிக் சுவார்தெக்குரோன் 1697ஆம் ஆண்டில் அத்தகைய குறிப்பேடு ஒன்றை எழுதினார். யாழ்ப்பாணத்தின் வரியும் வாணிபமும் கோட்டையும் கோயிலும் அதில் இடம்பெற்றன, வன்னியும் இடம்பெற்றது. வன்னியைக் கம்பனியார் நோக்கிய கண் யானையைத் தேடிய கண் ஆகும். வன்னியர் தலைவர்கள் ஆண்டுதோறும் இத்தனை யானை திறையாகத் தருதல் வேண்டும் என்பது உடன்பாடு. அவர்களோ திறையை நிலுவையிலேயே வைத்திருந்தனர். அடங்காப்பற்று என்று பெயர் பெற்ற நாடு அப்பெயருக்கு ஏற்பவே நடந்துகொண்டது. எனவே வன்னி பற்றி எழுத நேர்ந்த கொமாந்தர், வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற கணக்கையும் எழுத வேண்டியவரானார். காட்டிலிருந்து ஆனையிறவைக் கடந்து வந்து சேர்ந்த யானைகளை எவரும் எண்ணிப் பார்க்கலாம்; அங்கே சொல்லலங்காரத்துக்கு இடம் குறைவு. ஆயினும் அந்த அளவுகோல் கம்பனியின் அளவுகோலே. வன்னியின் குளங்களில் நீர் நின்றதா, வயல்களில் நெல் விளைந்ததா என்ற வினா அதில் எழவில்லை. கம்பனியின் கண்ணில் அவர் பணி நன்மதிப்பையே பெற்றது. பின்னாளில் 1718 முதல் 1725 வரை பத்தாவியாவில் மகாதேசாதிபதியாக அமரும் உயர்வையும் அவர் அடைந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஒல்லாந்தர் படைவலியால் வன்னியர் தலைவர்களை ஒடுக்கி, முல்லைத்தீவைத் தலைமையிடமாகக் கொண்டு நேராட்சியை நிறுவினர். லெப்டினன்ட் தோமஸ் நாகெல் அந்நாட்டின் ஆட்சியதிகாரியாக அமர்ந்தார். அவர் 1793ஆம் ஆண்டில் வன்னியைப் பற்றி எழுதிய விவரணம் வரலாற்றாசிரியர்க்கு இன்றும் அரிய சான்றாகும். எனினும் அதனைப் படிப்போர் ஓர் உண்மையை மறத்தலாகாது. தன் பொறுப்பில் விடப்பட்ட நாட்டின் நிலையை எழுதுபவன், எவ்வளவு நடுநிலையோடு எழுதினாலும், தன் வேலையைப் பற்றியே எழுதுகின்றான். நாடு அடங்கியிருக்கிறது என்று அவன் எழுதினால், தான் அடக்கினேன் என்பது அதன் உட்பொருள். வருவாய் உளது என்று எழுதினால், தான் ஈட்டினேன் என்பது அதன் உட்பொருள்.

அவ்விவரணம் எழுதப்பட்டு இரண்டே ஆண்டுகளில், 1795இல், முல்லைத்தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நாடு அடங்கிவிட்டதா என்ற வினாவுக்கு அதன்பின் எட்டு ஆண்டுகளில் வேறொருவர் விடை எழுதினார். 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கோட்டையைக் கைப்பற்றினான். கப்டன் வொன் டிரிபேர்க்கின் கீழிருந்த காவற்படை அங்கிருந்து துரத்தப்பட்டது. அதே டிரிபேர்க் அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனை முறியடித்தார். பிற்காலத்தில் அவ்விடத்தில் ஆங்கில எழுத்துப் பொறித்த நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. இவ்விடத்துக்கு அண்மையில் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் செய்தி.

அக்கல்லில் ஒக்ரோபர் உண்டு; ஆகஸ்ட் இல்லை. இரண்டும் ஓர் அதிகாரியின் ஓராண்டுப் பணியில் அடங்கியவை, இரண்டும் உண்மையானவை. பொய் கூறாமலே புகழ் தேட வழியுண்டு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. நினைவில் வைக்க வேண்டியது இது, விட்டுவிட வேண்டியது இது என்று ஆட்சி தன் பணிக்குத் தானே இட்ட புள்ளி அக்கல்லாகும். 1982இல் வவுனியாவில் பண்டாரவன்னியனுக்குச் சிலை எடுக்கப்பட்டபோது, அவ்வாண்டின் விடுபட்ட பக்கத்துக்கு மக்கள் தம் புள்ளியை இட்டனர் எனலாம். இரண்டுக்கும் இடையில் சென்ற காலம் நெடியது. தன்மதிப்பீட்டில் விடப்பட்டதை மற்றவர் நிரப்புவதற்கு எத்துணைக் காலம் செல்லும் என்பதை அது காட்டும்.

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றியதும் எழுத்துவேலை பெருகிற்று. தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லன்ட் 1808ஆம் ஆண்டில் மாவட்ட அதிகாரிகள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று கட்டளையிட்டார். எங்கே சென்றனர், எதனைக் கண்டனர், யாது செய்தனர் என்பதை நாள்தோறும் எழுதிக் கொழும்புக்கு அனுப்புதல் வேண்டும். இவ்வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனோடு ஆண்டு நிருவாக அறிக்கையும் சேர்ந்தது. நாட்குறிப்பும் ஆண்டறிக்கையும் ஒரே கையால் எழுதப்பட்டாலும் அவற்றின் இயல்பு வேறு. அன்றன்று எழுதும் நாட்குறிப்பில் சேறு படிந்த வண்டிச் சக்கரமும், உடைந்த மதகும், காய்ச்சலும், வீண்போன பயணமும் தாமாக வந்து புகுந்துவிடும். ஆண்டு முடிவில் எழுதும் அறிக்கையில் அவை ஒழுங்காகி, சுருங்கி, சிலவேளை மறைந்தும் போகும். முடிவு தெரியாமல் எழுதிய குறிப்பு, முடிவு தெரிந்தபின் எழுதிய மதிப்பீட்டைவிட நம்பத்தக்கது.

1833ஆம் ஆண்டில் அமைந்த வட மாகாணத்தின் தலைமைக் கச்சேரி யாழ்ப்பாணத்தில் இருந்தது. வன்னி அதன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1829 முதல் 1867 வரை பேர்சிவல் அக்லண்ட் டைக்கும், 1869 முதல் 1896 வரை வில்லியம் துவைனமும் வடபுலத்தின் அரசாங்க அதிபர்களாக வீற்றிருந்தனர். அறுபத்தைந்து ஆண்டு இருவர் கையிலேயே கழிந்தது. நெடுங்காலம் ஒருவரே ஆளும் இடத்தில் நாட்டறிவு பெருகும். அதுவே அதன் நன்மை. ஆயின் இவ்வாண்டின் வேலையைச் சென்ற ஆண்டின் வேலையோடு ஒப்பிட்டு அளப்பவரும் அவரே ஆகிவிடுகின்றார்.

இக்குறையை ஓரளவு நீக்கியவை வெளியிலிருந்து வந்த அளவுகோல்களே. 1871ஆம் ஆண்டில் இலங்கை முழுவதற்கும் முதற் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. அதன்பின் ஒரு பற்றில் மக்கள் பெருகினரா குறைந்தனரா என்பதை அதிகாரியின் சொல்லைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. 1881ஆம் ஆண்டில் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி பறங்கிநோய் பற்றி ஓர் அறிக்கை தந்தார். வறண்ட வலயத்துக் கிராமங்களை அரித்துவந்த அந்நோய், உணவுக் குறைவோடும் கெட்ட நீரோடும் சேர்த்துப் பேசப்பட்டது. வரி வசூலை அளந்த ஏடுகளில் தெரியாத வன்னி, நோயை அளந்த ஏட்டில் தெரிந்தது. 1895இல் உதவி அரசாங்க அதிபர் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூலும் இவ்வகையில் மதிக்கத்தக்கது. தம் ஒருவருடைய ஆட்சிக்காலத்தோடு நின்றுவிடாது, ஒல்லாந்தர் காலம் தொட்டு வன்னியின் வரலாற்றையும் குளங்களையும் வயல்களையும் மக்கள் வழக்கங்களையும் அவர் ஒன்றுசேர்த்தார். தம் ஆண்டை நூறு ஆண்டுகளின் வரிசையில் வைத்துப் பார்ப்பவருக்குத் தற்பெருமை தானே குறையும்.

பதவியில் இருக்கும்போது எழுதும் மதிப்பீட்டுக்கும் பதவியை நீங்கியபின் எழுதும் மதிப்பீட்டுக்கும் உள்ள வேற்றுமையை விளக்க லெனாட் வூல்வ் என்பாரது வாழ்வு பயன்படும். இவர் 1905ஆம் ஆண்டு தொடக்கம் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றினார். பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரானார். வேலையில் வல்லவர், கண்டிப்பானவர், தம் திறமையை நன்கறிந்தவர். யாழ்ப்பாணத்தில் அவர் மீது ஒரு முறைப்பாடு எழுந்தது. தெருவில் குதிரைமீது சென்றபோது ஒரு வழக்கறிஞரைச் சவுக்கால் முகத்தில் அடித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதனை மறுத்தார். 1912இல் சேவையிலிருந்து விலகி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், 1961இல் வெளியான தம் வரலாற்று நூலில் அந்நிகழ்ச்சிக்குத் திரும்பினார். அடித்தது மெய்யன்று என்பதில் அவர் மாறவில்லை. ஆனால் அவர்களது ஊரின் பெருந்தெருவில் தாம் செருக்கோடு குதிரைமீது வீற்றிருந்ததே அம்மக்களுக்கு முகத்தில் அறைந்தது போன்றதுதான் என்பதை உணர்ந்ததாக எழுதினார். எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறாத வாக்கியம் இது. அதனை எழுதியபோது அவருக்கு எதிர்பார்க்கப் பதவி உயர்வும் இல்லை, அஞ்ச மேலவரும் இல்லை. உண்மையை எழுதத் தடையாக நிற்பது அறியாமை மட்டுமன்று, ஆதாயமுமாகும் என்பது இதனால் விளங்கும்.

அறியாமையும் சிறிய தடையன்று. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் குறூகர், டன்னிங் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று. சோதனையில் கடைசிக் கால்பங்கில் நின்றோர், உண்மையில் நூற்றுக்குப் 12ஆம் படியில் இருந்தும், தம்மை 62ஆம் படியில் வைத்து மதித்தனர். முதன்மையாகத் தேறினோரோ தம்மைச் சற்றுத் தாழ்த்தியே மதித்தனர். தன்மதிப்பீட்டை மட்டும் நம்பும் அலுவலகத்தில், குறைவாகத் தெரிந்தவன் முன்னே செல்வதும், அடக்கமே அணியென வளர்க்கப்பட்ட திறமைசாலி பின்னே நிற்பதும் நேரக்கூடியவை. ஆற்றலை அறியாதார் நடுவே தன்னைப் புகழலாம் என்று நன்னூல் இசைவு தந்தது இத்தகையோரை எண்ணியே போலும்.

வன்னிக் குடியானவன் இவ்விடர்ப்பாட்டுக்குள் அகப்படாத ஒரு முறையை அறிந்திருந்தான். வறண்ட வலயத்தின் குளக் கிராமங்களில் வயற்காரன் ஒவ்வொருவனுக்கும் அவன் வயலின் அளவுக்கு ஏற்ப அணைக்கட்டின் ஒரு பகுதி பொறுப்பாக அளந்து விடப்படும். மழைக்கு முன் அப்பகுதியை மண்ணிட்டு உயர்த்துவதும் புற்றும் வளையும் அடைப்பதும் அவன் கடமை. 1856ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டம் இத்தகைய பழைய வழக்கங்களுக்கே உயிரூட்ட முயன்றது. இம்முறையில் எவனும் தன் வேலையை மெச்சி எழுத வேண்டியதில்லை. மாரி பிறந்து குளம் நிரம்பியதும் எவனுடைய பகுதியில் நீர் கசிகின்றதென்பதை ஊரே காணும். கசிவது ஒருவன் பகுதியே ஆயினும் அழிவது எல்லாருடைய வயலுமாகையால், எவரும் கண்ணை மூடிக்கொள்வதுமில்லை.

பெருங்குளங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். கனகராயனாற்றை மறித்து இரணைமடுக் குளத்தை அமைக்கும் திட்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் வகுத்தார். 1902இல் தொடங்கிய வேலை 1920களின் தொடக்கத்திலேயே நிறைவெய்தியது. அவ்விடைக்காலத்தில் எத்தனையோ ஆண்டறிக்கைகள் எழுதப்பட்டிருக்கும். இன்று அவற்றைத் தேடிப் படிப்போர் சிலரே; குளத்தையோ கிளிநொச்சியின் உழவர் எல்லாரும் அறிவர். அணைக்கட்டு பின்னரும் இருமுறைக்கு மேல் உயர்த்தப்பட்டது. முதலில் கட்டியது போதவில்லை என்று ஒப்புக்கொள்ளும் மனம் இருந்தாலன்றி அது கூடியிராது. குறையை ஏற்பது அவமானமன்று, அடுத்த வேலையின் தொடக்கம் என்பதற்கு அவ்வுயர்ந்த கட்டு சான்றாக நிற்கிறது.

இருபத்தோராம் நூற்றாண்டில் வன்னி இன்னும் கொடியதொரு தேர்வுக்களமாயிற்று. போர் நெருங்கிவந்த 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பாதுகாப்புக்கு உறுதி கூற இயலாதென அரசாங்கம் அறிவித்ததை அடுத்து, ஐக்கிய நாடுகள் நிறுவனம் தன் வெளிநாட்டு ஊழியரைக் கிளிநொச்சியிலிருந்து விலக்கிக்கொண்டது. தம்மை விட்டுச் செல்ல வேண்டாமென மக்கள் அந்நிறுவனத்தின் வாயிலில் கூடி நின்று இரந்தனர். ஊர்திகள் புறப்பட்டுச் சென்றன. உள்ளூர் ஊழியர் பலர் தம் குடும்பத்தாருடன் உள்ளேயே இருக்க நேர்ந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிவதற்குள் பல்லாயிரவர் பொதுமக்கள் மாண்டனர்.

செயலாளர் நாயகம் பான் கீ மூன் அமைத்த நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கையில், போர்க்காலத்தில் ஐக்கிய நாடுகள் நிறுவனம் நடந்துகொண்ட முறையும் ஆராயப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி சார்ள்ஸ் பெற்றி தலைமையில் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மீளாய்வுக் குழு அமைந்தது. 2012ஆம் ஆண்டு நவம்பரில் அதன் அறிக்கை வெளிவந்தது. உயிரிழப்புப் பற்றிய கணக்குகள் கையில் இருந்தும் அவை உரியவாறு வெளியிடப்படவில்லை என்றும், கொழும்பிலிருந்த மூத்த அதிகாரிகள் பலர் பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பதைத் தம் பொறுப்பாகக் கருதவேயில்லை என்றும், நிறுவனம் அடிமுதல் நுனிவரை தவறிவிட்டதென்றும் அது எழுதிற்று. வெளியிடப்பட்ட பிரதியில் சில பகுதிகள் கருமையால் மறைக்கப்பட்டிருந்தன என்பதும் உண்மை. ஆயினும் வன்னியைப் பற்றி எழுந்த தன்மதிப்பீடுகளுள் தன் தோல்வியைத் தோல்வி என்றே பெயரிட்டு எழுதிய ஏடு இதுவாகும். இதன் விளைவாக 2013இல், மனித உரிமையை முன்னிறுத்திச் செயலாற்றுவதற்கான புதிய ஒழுங்குகளை அந்நிறுவனம் அறிவித்தது.

அவ்வறிக்கை இறந்தோரை மீட்கவில்லை. காலம் கடந்து வந்த ஒப்புதல் காலத்தில் செய்த கடமைக்கு ஈடாகாது. எனினும் அதிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. முடித்த வேலைகளை மட்டும் எண்ணியிருந்தால், பகிர்ந்த உணவும் ஓட்டிய ஊர்திகளும் எழுதிய கடிதங்களும் அவ்வேட்டை நிரப்பியிருக்கும். மீளாய்வாளர் வேறொரு வினாவை எழுப்பினர். இவ்வேலை எவர்க்காக ஏற்பட்டதோ அவர்க்கு என்ன நேர்ந்தது என்பதே அவ்வினா. சுவார்தெக்குரோனின் யானைக் கணக்கும் கற்சிலைமடுக் கல்லும் கேளாது விட்ட வினாவும் அதுவே.

எனவே தன் பணியைத் தானே அளக்க அமரும் ஓர் அலுவலர் தம்மைப் புகழ்வதா தாழ்த்துவதா என்று மயங்க வேண்டியதில்லை. எத்தனை கோப்பு முடிந்தது என்பதோடு, அக்கோப்பைத் தந்துவிட்டுக் கச்சேரி வாயிலில் காத்துநின்றவர் காரியம் முடிந்து வீடு திரும்பினாரா என்பதையும் எழுதட்டும். எழுதுவோர்க்கு இத்தகைய நேர்மை வேண்டுமாயின், படிக்கும் மேலவர்க்கும் ஒரு கடமை உண்டு. குறையை எழுதியவரைத் தண்டித்துக் குறையை மறைத்தவரை உயர்த்தும் அலுவலகத்தில் உண்மையான மதிப்பீடு பிறவாது. தன் பகுதியில் நீர் கசிகிறது என்று மாரிக்கு முன்னரே கூறிவிடும் வயற்காரனை ஊரார் ஏசுவதில்லை. மண்வெட்டியோடு துணைக்கு வருகின்றனர்.